டிவிடிக்குள் ஒரு பூட்டு: அத்தை வீட்டு மூன்று டிஸ்க்குகளை வைத்து ஒரு விளக்கம்

செம்பூரில் என் அத்தை வீட்டு அலமாரியில் ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்று இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் பழைய டிவிடிகள். போன மழைக்காலத்தில் அதைத் திறந்தபோது பல டிஸ்க்குகளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி பூத்திருந்தது. மும்பையில் ஜூன் பிறந்தால் அரிசி டப்பாவுக்குள்ளேயே ஈரம் ஏறும், டிஸ்க் மட்டும் தப்புமா? வீட்டில் இருந்த டிவிடி பிளேயரும் எப்போதோ கண்ணை மூடிவிட்டது. "எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுடா" என்றார் அத்தை.

என் லேப்டாப்பில் டிஸ்க் போட இடம் கிடையாது. லாமிங்டன் ரோட்டில் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

முதலில் போட்டது அத்தை மகளின் அரங்கேற்றம். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கில் நடந்ததை வீடியோக்காரர் எடுத்து எழுதிக் கொடுத்த டிஸ்க். திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'விஓபி' என்று முடியும் பெரிய ஃபைல்கள், ஒவ்வொன்றும் சுமார் 1 ஜிபி. பிடித்து இழுத்து லேப்டாப்பில் போட்டேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. அலாரிப்பு முதல் மங்களம் வரை எல்லாம் ஓடியது.

இரண்டாவது, மாமா மாட்டுங்காவில் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் படம். அதே ஃபோல்டர், அதே பெயரில் ஃபைல்கள். இழுத்துப் போட்டால், இந்தப் பகுதி மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கிறது, படிக்க முடியாது என்று கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. சரி, ஓடவாவது செய்கிறதா என்று விஎல்சி என்ற இலவச பிளேயர் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அழகாக ஓடியது. அதன்பின் மறுபடி காப்பி செய்தால், ஆச்சரியம், இந்த முறை முழுதும் இறங்கிவிட்டது. ஆனால் இறங்கிய ஃபைலைச் சாதாரண வீடியோ பிளேயரில் திறந்தபோது நாயகியின் முகம் பச்சையும் ஊதாவுமாகச் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது. குரலுக்குப் பதில் கரகரப்பு.

"டிஸ்க் போச்சா?" என்று கேட்டார் அத்தை. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பார்த்தது பூட்டிய படம் வெளியிலிருந்து எப்படித் தெரியுமோ அதை. மூன்றாவது டிஸ்க்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தப் பூட்டு என்னவென்று பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான் பூட்டைத் தாண்டும் மென்பொருள் என்ன செய்கிறது என்பதும் புரியும்.

டிவிடிக்கு முன்னால் நம் வீடுகளில் விசிடி இருந்தது. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று டிஸ்க், இடைவேளையில் எழுந்து போய் மாற்றிப் போட வேண்டும். அதில் பூட்டே கிடையாது. 1996 கடைசியில் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தபோது பட நிறுவனங்களுக்குப் பயம் பிடித்தது. வீடியோ கேசட்டைக் காப்பி எடுத்தால் தரம் குறையும். காப்பியிலிருந்து இன்னொரு காப்பி எடுத்தால் மழை பெய்வதுபோல் ஆகிவிடும். டிவிடியில் இருப்பதோ வெறும் எண்கள். ஒரு லேயர் டிஸ்க்கில் 4.7 ஜிபி, இரண்டு லேயரில் 8.5 ஜிபி. நூறாவது காப்பியும் முதல் டிஸ்க்கைப்போலவே இருக்கும். அதனால்தான் பூட்டு வைக்காமல் படம் தரமாட்டோம் என்று நின்றார்கள். மட்சுஷிட்டாவும் தோஷிபாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பூட்டின் பெயர் சிஎஸ்எஸ். உள்ளடக்கத்தைக் கலைத்துப் போடும் முறை என்று பொருள்.

கலைத்துப் போடுவது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டிவிடியில் தகவல் 2048 பைட் கொண்ட சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கிறது. துண்டின் முதல் 128 பைட்டைத் தொடமாட்டார்கள். இது எத்தனையாவது துண்டு, எந்த நேரத்துக்கு உரியது என்ற விவரம் அங்கே இருக்கும். மிச்சம் 1920 பைட்டையும் ஒரு ரகசிய எண்ணை வைத்துக் கலைத்துவிடுவார்கள். எல்லாத் துண்டையும் கலைக்க வேண்டும் என்பதில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கலைத்தாலே படம் கெட்டுவிடும். நாயகியின் முகம் பாதி தெரிந்து பாதி உடைந்ததற்குக் காரணம் இதுதான். பிளேயருக்கு நேரம் தெரிகிறது, இடம் தெரிகிறது, உள்ளே இருப்பது மட்டும் விளங்கவில்லை.

அந்த ரகசிய எண் எங்கே இருக்கிறது? அதே டிஸ்க்கிலேயே இருக்கிறது. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அறைகளின் சாவியெல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக்கு ஒரு தலைச்சாவி. அந்தத் தலைச்சாவிக்கு நானூறு நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு, ஒவ்வொரு டப்பாவுக்கும் வேறு வேறு பூட்டுப் போட்டு, வாசலிலேயே வரிசையாக வைத்துவிடுகிறார்கள். பிளேயர் செய்யும் ஒவ்வொரு கம்பெனிக்கும் அதற்குரிய டப்பாவை மட்டும் திறக்கும் ஒரு சாவி தரப்படும். நீங்கள் டிஸ்க்கைப் போட்டதும் பிளேயர் தன் டப்பாவைத் திறந்து தலைச்சாவியை எடுக்கும், தலைச்சாவியால் பெட்டியைத் திறந்து படத்தின் சாவியை எடுக்கும், அதை வைத்துத் துண்டுகளை ஒழுங்குபடுத்தித் திரையில் காட்டும். டிவிடியில் நடப்பது இதேதான். தலைச்சாவி டிஸ்க் முழுமைக்கும் ஒன்று, படத்தின் சாவி ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று, டப்பாக்கள் நானூற்றுக்கும் மேல்.

இந்த டப்பா வரிசை டிஸ்க்கின் உள்வட்டத்தில், சாதாரணமாக ஃபைல் காப்பி செய்யும்போது கை எட்டாத இடத்தில் இருக்கிறது. டிரைவும் சும்மா கொடுத்துவிடாது. மென்பொருள் தன்னை இன்னார் என்று நிரூபித்துக் கைகுலுக்கிய பிறகே கலைத்த துண்டுகளைப் படிக்க விடும். எனக்கு முதல் தடவை மறுத்து, விஎல்சி ஓடிய பிறகு மறு தடவை கொடுத்தது இதனால்தான். விஎல்சி கைகுலுக்கிவிட்டது, டிரைவ் வாசலைத் திறந்துவிட்டது, நான் பின்னாலேயே நுழைந்து துண்டுகளை அள்ளி வந்தேன். ஆனால் சாவியை எடுத்து வரவில்லை. அதனால்தான் ஊதாச் சதுரங்கள். கடையில் விற்கும் வெற்று டிவிடியிலும் இந்தச் சாவி வட்டத்தில் எதுவும் எழுத முடியாதபடி முன்பே அடைத்து விடுகிறார்கள். ஆகவே ஃபைல்களை அப்படியே வேறு டிஸ்க்கில் எழுதினாலும் ஓடாது.

சரி, அப்படியென்றால் இந்தப் பூட்டு திருட்டு டிவிடியை நிறுத்தியதா? இல்லை. பெரிய அளவில் டிஸ்க் அச்சடிக்கிற இயந்திரம் உள்வட்டத்தையும் சேர்த்தே அச்சடித்துவிடும். பூட்டும் சாவியும் ஒன்றாக நகலாகிவிட்டால் எல்லா பிளேயரிலும் ஓடும். பூட்டு உண்மையில் பிடித்து வைத்திருந்தது பிளேயர் செய்பவர்களை. டப்பா சாவி வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும், அந்த உரிமத்தில் கையெழுத்துப் போட்டால் என்னென்ன செய்யக்கூடாது என்ற நிபந்தனைகளுக்கெல்லாம் கட்டுப்பட வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் திருட்டு டிஸ்க்கோடு போட்டி போட்டது விலைதான். மோசர் பேயர் என்ற கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றபோது, எங்கள் வீட்டிலேயே நடைபாதை டிஸ்க் வாங்குவது நின்றது.

உரிமம் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? தொண்ணூறுகளின் முடிவில், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்களின் நிலை அதுதான். டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், டிரைவையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், பார்க்க மட்டும் முடியாது. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சின்ன மென்பொருள் இணையத்தில் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த சிறு குழுவில் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்ற பையனும் ஒருவன். அப்போது அவனுக்கு 15 வயது. ஸிங் என்ற கம்பெனியின் பிளேயர் மென்பொருளில் டப்பா சாவி சரியாக மறைக்கப்படாமல் கிடந்ததைக் கண்டெடுத்து, அதை வைத்து வழி கண்டுபிடித்தார்கள்.

ஒரு சாவி வெளியே வந்ததோடு கதை முடியவில்லை. பூட்டே பலவீனம் என்பது அடுத்த சில வாரங்களில் தெரிந்தது. சிஎஸ்எஸ் சாவியின் நீளம் 40 பிட். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு இருந்ததால் இந்த அளவோடு நின்றார்கள். 40 பிட் என்றால் ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடி சாவிகள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பூட்டின் அமைப்பில் ஓட்டைகள் இருந்தன. ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் அதை ஆராய்ந்து, சுமார் மூன்றரைக் கோடி முயற்சியிலேயே தலைச்சாவியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்று காட்டினார். அன்றைய பென்டியம் கம்ப்யூட்டருக்கே அது நொடிகளில் முடியும் வேலை. அதாவது யாருடைய சாவியையும் திருட வேண்டாம், பூட்டைப் பார்த்தே சாவியைச் செய்துவிடலாம்.

அடுத்து நடந்தது வழக்கு. அமெரிக்காவில் பட நிறுவனங்கள், டிசிஎஸ்எஸ்ஸை இணையத்தில் வெளியிட்ட 2600 என்ற பத்திரிகை மேல் வழக்குப் போட்டு 2000இல் ஜெயித்தன. 1998இல் அங்கே வந்த டிஎம்சிஏ சட்டப்படி, பூட்டைத் தாண்டும் கருவியைப் பரப்புவதே குற்றம். ஆனால் நிரல் என்பது எழுத்துதானே? எழுத்தை எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்டவர்கள் அதை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் ஹைக்கூவாக எழுதினார். இன்னொருவர் அந்த நிரல் முழுதும் அடங்கிய ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்து, இந்த எண்ணை வைத்திருப்பது சட்ட விரோதமா என்று கேட்டார். நார்வேயிலோ 2003 ஜனவரியில் யோஹான்சன் விடுதலையானார், மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை. காசு கொடுத்து வாங்கிய தன் சொந்த டிஸ்க்கைத் திறந்ததற்கு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். படிக்கும்போது எனக்கு மனசு நிறைந்தது. அந்த நீதிமன்றம் பேசியது அத்தையைப்போன்ற ஒருவருக்காகவும்தான்.

இன்று பூட்டைத் தாண்டும் பெரும்பாலான மென்பொருளுக்கு அடியில் இருப்பது லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற சிறு நூலகம், அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய வீடியோலேன் குழு எழுதியது. விஎல்சி பிளேயரும் அவர்களுடையதே. இந்த நூலகம் முதலில் முறையாகக் கைகுலுக்கிப் பார்க்கும். அது நடக்காவிட்டால் கணக்குப் போட்டுச் சாவியைக் கண்டுபிடிக்கும். அதாவது நீங்கள் விஎல்சியில் ஒரிஜினல் டிவிடி பார்த்த ஒவ்வொரு முறையும் பூட்டைத் தாண்டும் மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பார்ப்பதற்கும் சேமிப்பதற்கும் உள்ள வித்தியாசம் கடைசிப் படியில்தான். திறந்த துண்டுகளைத் திரைக்கு அனுப்பினால் பிளேயர், ஃபைலில் எழுதினால் ரிப்பர். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் டிவிடியைச் சின்ன ஃபைலாக மாற்றித் தரும், ஆனால் பூட்டைத் திறக்கும் வேலையை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவிலும் இந்த நூலகம் கூடவே வராது, பயன்படுத்துபவர் தனியாக நிறுவ வேண்டும். சட்டச் சிக்கலை நினைத்து அப்படி விலகி நிற்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இலவச டிவிடி ரிப்பர் என்று தேடினால் வரும் பலவற்றில் விளம்பரக் குப்பையும் வைரஸும் ஒட்டிக்கொண்டு வரும். பழைய பெயர்களை நம்பியும் போகாதீர்கள். டிவிடி டிக்ரிப்டர் 2005இலேயே நிறுத்தப்பட்டது. எனிடிவிடியை விற்ற ஸ்லைசாஃப்ட் 2016இல் கடையை மூடியது. அந்தப் பெயர்களில் இன்று யாரோ எதையோ தருகிறார்கள் என்றால், அவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது மூன்றாவது டிஸ்க். அத்தையின் மகன் நியூ ஜெர்சியிலிருந்து பேத்திக்காக வாங்கி வந்த குழந்தைகள் படம். போட்டவுடன், இது வேறு மண்டலத்து டிஸ்க், டிரைவின் மண்டலத்தை மாற்றவா என்று கேள்வி வந்தது. இது சிஎஸ்எஸ்ஸிலிருந்து வேறான ஒரு தடை. உலகத்தையே மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, இந்தியா 5. ஒரு ஊரில் தியேட்டரில் ஓடும்போதே இன்னொரு ஊர் டிவிடி இறக்குமதியாகக் கூடாது, ஊருக்கு ஊர் விலையும் வேறாக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. டிஸ்க்கில் ஒரே ஒரு பைட்டில் எந்தெந்த மண்டலத்தில் ஓடக்கூடாது என்று குறித்திருக்கும். கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்ததே நிலைத்துவிடும். எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே எழுதப்படுவதால் விண்டோஸை அழித்துப் போட்டாலும் மறக்காது. இது தெரியாமல் தட்டித் தட்டி டிரைவைப் பாழாக்கியவர்கள் உண்டு, ஆகவே அந்தக் கேள்வி வந்தால் உடனே ஆம் என்று அழுத்தாதீர்கள். சாவியைக் கணக்குப் போட்டே எடுக்கும் மென்பொருள் இருந்தால், சில டிரைவுகளில் மண்டலத்தைத் தொடாமலே டிஸ்க் ஓடிவிடும். எனக்கு அப்படி ஓடியது. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வந்த தமிழ்ப் பட டிவிடிகளில் பல எல்லா மண்டலத்துக்கும் பொதுவாகவே வந்தன, அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. சோனி கொண்டுவந்த ஆர்க்காஸ் முறையில் டிஸ்க்கின் சில இடங்களை வேண்டுமென்றே கெட்ட துண்டுகளாக எழுதிவிடுவார்கள். வீட்டு பிளேயர் படத்தின் பாதையில் மட்டும் போவதால் அதில் மாட்டாது. முழு டிஸ்க்கையும் வரிசையாகப் படிக்கும் மென்பொருள் மாட்டிக்கொண்டு நிற்கும். மும்பை மழையில் பூத்த புள்ளியால் வந்த பிழையா, கம்பெனியே வைத்த பிழையா என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே டிஸ்க் நின்றால், முதலில் பஞ்சுத் துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடைத்துப் பாருங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. அத்தை வீட்டு டிஸ்க்குகளில் பாதிக்கு இதுவே போதுமாக இருந்தது.

டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரே டிஸ்க்கில் பூட்டு இன்னும் பெரியது. ஏஏசிஎஸ் என்று பெயர், 128 பிட் சாவி, ஒரு பிளேயரின் சாவி வெளியே கசிந்தால் அடுத்து வரும் டிஸ்க்குகளில் அதைச் செல்லாததாக்கிவிடலாம். ஆனாலும் 2007இலேயே சாவிகள் கசிந்தன. பார்ப்பவர் கையில் கொடுக்கும் இயந்திரத்துக்குள் சாவி இருந்தே ஆகவேண்டும் என்ற சங்கடம் அங்கேயும் அப்படியேதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் எல்லோரும் கேட்பது. இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டைத் தாண்டினால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும். 'நோக்கத்தோடு' என்ற சொல்தான் இதில் உயிர். அமெரிக்கச் சட்டத்தில் தாண்டுவதே பொதுவாகத் தவறு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குப் பட்டியல் போடுவார்கள். நம் சட்டத்தில் எதற்காகத் தாண்டினாய் என்ற கேள்வி முன்னால் நிற்கிறது. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக என்றால் அந்தப் பிரிவு பாயாது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு 52ஆம் பிரிவு இடம் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அழுகிப் போகுமுன் வீட்டுக்குள் ஒரு நகல் வைத்துக்கொள்வது இதற்குள் அடங்கும் என்பது என் கருத்து. அதே நகலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், நண்பருக்கு எழுதிக் கொடுப்பதும், விற்பதும் வேறு விஷயம். அங்கே நான் கை வைப்பதில்லை, அத்தை கேட்டாலும் செய்யமாட்டேன்.

அந்த 65ஏ பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. நியாயமான காரியத்துக்காக இன்னொருவருக்குப் பூட்டைத் தாண்ட உதவினால், உதவியவர் அந்த ஆளின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் முழுமையாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். டிஸ்க்கை மாற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கடைகளில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை.

நான் ஒரு நோட்டை எடுத்தேன். அத்தையின் பெயர், செம்பூர் முகவரி, தேதி, இரண்டு டிஸ்க்குகளின் விவரம் எழுதினேன். அரங்கேற்றத்துக்குப் பூட்டு இல்லை, அதை எழுத வேண்டிய அவசியமில்லை. நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பிளேயர் ஓடலை, மழையில டிஸ்க் பூத்துப்போச்சு, நாங்க ரெண்டு பேரும் பாக்கணும்னு எழுது" என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.